ரயில் பூச்சிகிட்ட தெசை கேட்ட ஓணான்

உக்காருங்கப்பா, எல்லாரும் உக்காருங்க. சாக்கப் பிரிச்சாச்சு, மண்டபத்துப் பந்திக்குச் சின்ன வெங்காயத்தக் கொட்டியாச்சு, ஆளுக்கு ஒரு கத்தி குடுத்தாச்சு. இனிமே கை ஒங்களுது, வாய் என்னுது. லூர்து, மாப்ள வீட்டுக்காரங்க போட்டோக்காரன்கூட ஏன் சண்ட போட்டாங்கன்னு அப்பறமா ஆராய்ச்சி பண்ணலாம். மரகதம், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள என்ன சிரிப்பு? பேச்ச நிப்பாட்டுங்க. கேளுங்க.

ஒரு காட்டுல...

"எந்தக் காட்டுலண்ணே?"ங்கிறான் லூர்து.

ஒம் மாமனார் பங்கு பிரிச்சுக் குடுக்காம இழுத்தடிக்கிறாரே, அந்தக் காட்டுல. உரிடா.

ஒரு காட்டுல ஒரு பலா மரம் சாஞ்சு விழுந்து, மழையில நனைஞ்சு நனைஞ்சு மக்கிப்போய்க் கெடந்துச்சு. அந்தக் கட்டைக்கு அடியில சில்லுனு ஈரம். அந்த ஈரத்துல ரயில் பூச்சிக் கூட்டம் ஒண்ணு குடியிருந்துச்சு. ரயில் பூச்சி தெரியும்ல? மரவட்டைன்னும் சொல்லுவாங்க. செவப்பா, நீளமா, வளையம் வளையமா இருக்கும். தொட்டா வட்டமா சுருண்டுக்கும்.

"அதுக்கு எத்தன காலு?"ன்னு மரகதம் கேக்குது.

நீ போய் எண்ணு தாயி. அது நின்னுகிட்டு இருந்தாத்தான எண்ணுவ?

அதுங்களுக்கு இருந்த சட்டம் ரொம்பச் சின்னது. கால் வைக்கிற எடம் காஞ்சிருந்தா ஓடு. கொஞ்சம் ஈரமா இருந்தா மெதுவாப் போ. நல்லா ஈரமா இருந்தா நின்னுரு. அம்புட்டுத்தான். எந்தப் பக்கம் ஓடுறதுங்கிற பேச்சே கெடையாது. கண்ணு மண்ணு தெரியாம ஓடு, வளைஞ்சு ஓடு, வந்த வழியிலயே திரும்பி ஓடு. எப்பயாவது ஒரு ஈரத்துல கால் படும். பட்டுச்சுன்னா காலு தன்னால நின்னுக்கும். நம்ம லூர்து மாதிரின்னு வச்சுக்கயேன். பந்தி எங்க நடக்குதுன்னு அவனுக்குத் தெரியாது. மண்டபம் பூரா சுத்துவான். எல போட்ட எடத்துல கால் தன்னால நிக்கும்.

விட்டில் பூச்சி அப்பிடி இல்ல. வெளிச்சம் எங்க தெரியுதோ அதப் பாத்து நேராப் போகும். கரப்பான் வெளிச்சத்துக்கு முதுகக் காட்டிட்டு நேரா ஓடும். அதுங்க ரெண்டும் தெசை தெரிஞ்ச ஆளுங்க. ரயில் பூச்சிக்குத் தெசையும் தெரியாது, தெரியலையேன்னு வருத்தமும் கெடையாது.

அந்த வருசம் மழை ஏமாத்திருச்சு. வெயில் போட்டு வாட்டுது. பலாக் கட்ட காஞ்சு வெடிச்சுப்போச்சு. அடியில இருந்த ஈரம் போயே போச்சு. அந்தக் கூட்டத்துல சுருளாண்டின்னு ஒரு ரயில் பூச்சி. அவன் பொண்டாட்டி செங்கமலம். அவ வயித்துல முட்ட. முட்டைய ஈரமான மண்ணுலதான் வைக்கணும். காஞ்ச மண்ணுல வச்சா முட்டையும் காஞ்சு கருவாடாயிரும். வயிறு தாங்கல, இன்னைக்கு வச்சே ஆகணும்.

"ஏங்க, காலு பரபரங்குது. ஓடிருவோம்"னா செங்கமலம்.

சுருளாண்டி கொஞ்சம் சட்டதிட்டம் பாக்குற ஆளு. வெத்தல எச்சி துப்பக்கூட எடம் கேட்டுத் துப்புற மாதிரி ஆளு. "இரு புள்ள. புதுசா ஆபீஸ் தொறந்திருக்காங்களாம். சொல்லாமக் கொள்ளாம ஓடுனா தப்பாப் போயிரும்"னான்.

ஆமா, காட்டுல புதுசா ஒரு ஆபீஸ். வழியனுப்பு ஆபீஸ். பூச்சி புழுவெல்லாம் கண்ட பக்கம் ஓடுதாம், ஒழுங்கே இல்லயாம். இனிமே எவனாயிருந்தாலும் டோக்கன் எடுத்து, வரிசையில நின்னு, போற எடத்தச் சொல்லி, சீட்டு வாங்கிட்டுத்தான் போகணுமாம். அதிகாரி ஒரு ஓணான். ஓணானுக்கு வெயில் ஏறுனாத்தான் ஒடம்பு அசையும். அதனால ஆபீச ஒரு மொட்டப் பாறை மேல வச்சுக்கிட்டாரு. வர்றவனுக்கு நெழல் வேணுமா, ஈரம் வேணுமாங்கிறதெல்லாம் அவரு கவலை இல்ல.

அவருகிட்ட ஒரு வியாதி. தல சும்மா ஆடிக்கிட்டே இருக்கும். "முடியாது"ம்பாரு, தல ஆடும். "வெளிய போ"ம்பாரு, தல ஆடும். புதுசா வர்றவன் சாரு சரின்னுட்டாருன்னு சந்தோசமா வீட்டுக்குப் போயிருவான். மறுநா கெஞ்சிக்கிட்டுத் திரும்பி வருவான்.

டோக்கன் கூப்புட மெஷின் வாங்க வசதி இல்ல. அதனால ஒரு மைனாவப் புடிச்சு உக்கார வச்சிருந்தாங்க. அது மூக்கால பேசும், இந்தா இப்பிடி: "நீங்ங்கள் வரிசையில் உள்ளீர்ர்கள். தயவுசெய்து காத்திருக்கவும். உங்கள் நேரம் எங்களுக்கு முக்கியம்."

"மைனா பூச்சியத் திங்காதாண்ணே?"ன்னு லூர்து கேக்குறான் பாருங்க. டூட்டியில இருக்கும்போது திங்கக்கூடாதுடா. அது என்ன ஒன்ன மாதிரியா, அப்பளம் பொரிக்கச் சொன்னா பாதியக் காணோம்.

வரிசையில மொதல்ல ஒரு விட்டில் பூச்சி. ரெண்டாவது ஒரு நத்த. மூணாவது நம்ம சுருளாண்டியும் செங்கமலமும். அவங்களுக்குப் பின்னாடி காஞ்ச கட்டையில இருந்த அத்தன ரயில் பூச்சியும். ரெண்டு பக்கமும் கட்டெறும்புங்க காவல். வரிசைய விட்டு வெளிய ஒரு காலு வச்சா, கடிச்சு உள்ள இழுத்துப் போடும்.

மைனா விட்டிலக் கூப்புட்டுச்சு. ஓணான் கேட்டாரு, "எங்க போற?"

"அந்தா, செக்போஸ்ட்ல பகல்லகூட அணைக்காம ஒரு பல்பு எரியுதே, அதுக்குத்தான் சார்."

"பேஷ்! இவன் ஆளு. போற எடம் தெளிவாச் சொல்றான், வழியும் தெளிவாச் சொல்றான். எல்லாரும் பாத்துக் கத்துக்கங்க"ன்னு ஓணான் ஒடனே சீட்டுக் குடுத்தாரு. விட்டிலு நேராப் போச்சு. பல்புல பொசுக்குனு ஒரு சத்தம்.

"சேர வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேந்துட்டாரு"ன்னு ஓணான் சொன்னாரு. "அடுத்து?"

அடுத்தது நத்த. "நத்தையார் வரவும்"னு மைனா கூவுது. நத்த அசையல. "நத்தையார் வரவும்." ம்ஹூம். நத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. வெயில் தாங்கலேன்னா ஓட்டுக்குள்ள போயி, எச்சியாலயே கதவச் சாத்திக்கிட்டுத் தூங்கிரும். மறுபடி மழை பெஞ்சாத்தான் கதவு தெறக்கும். இந்த ஆளு வரிசையில நிக்கும்போதே கதவச் சாத்திட்டாரு.

சுருளாண்டி மெதுவா எட்டிப் பாத்தான். "சார், அவரு தூங்குறாரு. நாங்க வரலாமா?"

"அது எப்பிடி? டோக்கன் வரிசை மாறுனா ஆபீஸ் எதுக்கு?" தல ஆடுது. செங்கமலம் சரின்னுட்டாருன்னு நெனச்சு முன்னாடி நகந்தா. ஒரு கட்டெறும்பு வால்ல நறுக்குனு கடிச்சுச்சு.

இங்கதான் வேடிக்க. பாறை காஞ்சு கெடக்கு. காஞ்ச எடத்துல ரயில் பூச்சிக் காலு ஓடும். ஓடாதன்னு சொன்னா கேக்காது, அது அதோட கையில இல்ல. ஆனா வரிசையில நிக்கணும். அத்தன பூச்சியும் நின்ன எடத்துலயே அத்தன காலாலயும் ஓடுது. தட தட தட தடன்னு. ஸ்டேஷன்ல சிக்னல் கெடைக்காம நிக்குற ரயில் மாதிரி, உள்ள எல்லாம் ஓடுது, வண்டி நகரல.

"ஏய், வரிசையில என்ன டான்ஸு?"ன்னு ஓணான் அதட்டுனாரு. "ஒரு எடத்துல நிக்கத் தெரியாதா ஒங்களுக்கு?"

"நிக்கத் தெரியும் சார். ஈரத்துல நிப்போம்"னான் சுருளாண்டி.

"சரி, சும்மா நிக்கிற நேரத்துல ஒங்கள விசாரிச்சு வச்சுக்குறேன். எங்க போறீங்க?"

"தெரியாது சார்."

"தெரியாம எதுக்குப் போறீங்க?"

"இங்க இருக்க முடியல சார்."

"அது காரணம். எடம் எது?"

"ஈரம் சார்."

"ஈரம்னு ஒரு ஊரு எனக்குத் தெரிஞ்சு இல்ல. எந்தத் தெசை? அதயாவது சொல்லு."

சுருளாண்டி யோசிச்சான். அவன் அப்பன் யோசிச்சதில்ல, அவன் பாட்டன் யோசிச்சதில்ல. குடும்பத்துலயே மொத ஆளா இவன் யோசிக்கிறான். தல கிறுகிறுன்னு வருது. "எல்லாத் தெசையும் சார். மாத்தி மாத்திப் போவோம். எங்கயோ ஒரு எடத்துல காலு நிக்கும், அதுதான் ஊரு."

ஓணான் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "பாத்தியா மைனா, இதுங்களுக்குத்தான் ஆபீசே தொறந்தது. விட்டிலப் பாரு, எம்புட்டுத் தெளிவு!"

"விட்டிலு செத்துப்போச்சே சார்"னா செங்கமலம்.

"தெளிவாச் செத்துச்சுல்ல?"

வெயில் ஏறுது. பின்னாடி நின்ன ரயில் பூச்சிங்க ஒண்ணொண்ணா சுருள ஆரம்பிச்சுது. சுருண்டா ஒடம்புல மிச்சம் இருக்குற ஈரம் கொஞ்ச நேரம் தாங்கும். அப்பறம் தாங்காது. செங்கமலம் புருசனத் திரும்பிப் பாத்தா.

"நான் அப்பயே சொன்னேன், ஓடிருவோம்னு"ங்கிறா.

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல புள்ள."

"சட்டத்துல முட்ட வைக்க முடியுமா?"

கேட்ட கையோட செங்கமலம் வட்டமா சுருண்டா. தொட்டுப் பாத்தான், அசையல. காதுல, அதுக்குக் காது இருக்கோ இல்லயோ, "கமலம், கமலம்"னு கூப்புட்டான். உள்ளுக்குள்ள அவளும் முட்டையும் சேந்து காயுது.

கட்டெறும்பு கடிச்சாலும் பரவால்லன்னு சுருளாண்டி வரிசைய விட்டு வெளிய ஓடி ஓணான் காலப் புடிச்சான். "சார், அந்த நத்தைய எழுப்பி விடுங்க சார். எங்களுக்குச் சீட்டு வேணாம், வழி மட்டும் விடுங்க சார்."

"தூங்குறவர எழுப்புற அதிகாரம் எனக்குக் கெடையாது. மேலதிகாரிக்குத்தான் உண்டு."

"அப்ப மேலதிகாரியக் கூப்புடுங்க சார்!"

ஓணான் "அதெல்லாம் முடியாது"ன்னு சொல்ல வாயத் தெறந்தாரு. வார்த்த வர்றதுக்கு முன்னாடி தல ஆடிருச்சு. மைனா பாத்துச்சு. அதுக்கு வாய்ப் பேச்சு முக்கியமில்ல, தலையசப்புத்தான் உத்தரவு. விர்ருனு பறந்துருச்சு.

"ஏய், நில்லு! நில்லு!"ன்னு ஓணான் கத்துறாரு. கத்தும்போதும் தல ஆடுது. மைனா திரும்பிப் பாத்துச்சு, ஒடனே போகச் சொல்றாரு போலன்னு இன்னும் வேகமாப் பறந்துச்சு.

மேலதிகாரி யாரு? யான.

ஓணானுக்கு ஒடம்பு வேர்க்காது, ஆனா அன்னைக்கு வேர்த்திருக்கும். மேலதிகாரி வந்தா வரவேற்பு வேணும்ல? காவலுக்குப் பாதிய விட்டுட்டு மிச்சக் கட்டெறும்புங்களத் தொரத்துனாரு: "ஓடுங்க, வர்ற வழியில பலாப்பழம் எங்க பழுத்திருக்கோ அங்க அழைச்சிட்டுப் போங்க. வயிறு நெறஞ்ச அதிகாரி கேள்வி கேக்க மாட்டாரு. அப்பிடியே ஆத்துப் பக்கம் கூட்டிட்டுப் போயி தண்ணியும் காட்டுங்க." நம்ம மண்டபத்துலயும் அதான நடக்குது? ஆபீசருங்க செக் பண்ண வந்தா மொதல்ல எல போட்டுருவோம்ல?

யான பலாப்பழம் பலாப்பழமா உள்ள தள்ளிட்டு, ஆத்துல பாதிய உறிஞ்சிட்டு, ஆடி அசைஞ்சு வந்து சேந்துச்சு. பாறைக்கு மேல நேரா நின்னுச்சு. கீழ ஆபீஸ், வரிசை, தூங்குற நத்த, சுருண்ட பூச்சிங்க, எல்லாம் நாலு காலுக்கு நடுவுல.

"என்னய்யா பிரச்சன?"ன்னுச்சு யான.

"ஒண்ணுமில்லங்கய்யா. எல்லாம் சுமுகமா..."ன்னு ஓணான் தலைய ஆட்டுறாரு.

சுருளாண்டி நெஞ்ச நிமித்துனான். எந்த வளையம் நெஞ்சோ, அந்த வளையத்த நிமித்துனான். "அய்யா, எம் பொண்டாட்டி முட்ட வைக்கணும். ஈரம் வேணும்."

யானைக்குக் காதுல விழுந்துச்சு. அம்மாம் பெரிய காதுல விழாம இருக்குமா? "ஈரப் பிரச்சன. முக்கியமான பிரச்சன. இதப் பத்தி ஆழமா ஆராயணும். ஒரு குழு போடணும். குழு அறிக்க குடுக்கணும். அறிக்கைய..."ன்னு பேசிக்கிட்டே இருந்துச்சு. பேசப் பேச யான மொகத்துல ஒரு மாதிரி ஆச்சு. பேச்சு நிக்குது. ஒரு காலத் தூக்கி வைக்குது. அடுத்த காலத் தூக்கி வைக்குது. வயித்துக்குள்ள கடமுடான்னுச்சு.

"அய்யா?"ன்னாரு ஓணான்.

யான வாலத் தூக்குச்சு.

மரகதம், நீ சிரிச்சா வெங்காயம் கீழ விழுது பாரு.

மொதல்ல தண்ணி. அணை தெறந்து விட்ட மாதிரி. பாறை, ஆபீஸ், வரிசை, எல்லாம் முழுகிப்போச்சு. அடுத்து சரக்கு. தொப்பு, தொப்பு, தொப்புன்னு, சூடா, மெத்துனு, நாரும் ஈரமுமா, ஆபீசுக்குப் பக்கத்துலயே ஒரு குன்னு. ரயில் பூச்சிக்கு அது ரெண்டு மாடி பங்களா. குடியிருக்கலாம், பசிச்சா செவுத்தயே திங்கலாம்.

யான ஒரு பெருமூச்சு விட்டுச்சு. "பரிசீலிக்கிறோம்"னு சொல்லிட்டுப் போயிருச்சு.

தண்ணி பட்டதும் ஒவ்வொரு பூச்சியா விரிய ஆரம்பிச்சுது. சுருளாண்டி மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். செங்கமலம் விரியல. எல்லாரும் விரிஞ்சாச்சு, அவ விரியல. "கமலம்"னு அழ ஆரம்பிச்சான். அழுத தண்ணியும் சேந்து பட்டுச்சோ என்னமோ, கடைசி வளையம் லேசா அசஞ்சுச்சு. மெதுவா விரிஞ்சா. மூக்க உறிஞ்சா.

"என்னங்க நாத்தம்?"

"நம்ம வீடு புள்ள."

அவ நேரா அந்தக் குன்னுக்கு ஊர்ந்து போனா. காலு நின்ன எடத்துல குழி தோண்டி முட்ட வச்சா.

நத்தையும் முழிச்சிருச்சு. கதவத் தெறந்து, கொம்ப நீட்டி, "மழை வந்துருச்சா?"ன்னு கேட்டுச்சு.

"வந்துச்சு"ன்னாரு ஓணான், மூஞ்சியத் தொடச்சுக்கிட்டே. "எங்க போகணும் ஒமக்கு? ஒம்மாலதான்யா இம்புட்டும்."

"நான் எங்கயும் போகல சார். எல்லாரும் நிக்கிறாங்களே, என்னமோ குடுக்குறாங்க போலன்னு நானும் நின்னேன்."

ஓணான் பல்லக் கடிச்சாரு. "அடுத்து! சுருளாண்டி! இந்தா சீட்டு. எந்தத் தெசைன்னு நானே போட்டுட்டேன், வடக்கு. கூட்டத்தக் கூட்டிட்டுக் கெளம்பு."

"முடியாது சார். காலு நின்னுருச்சு."

"நில்லுன்னு சொன்னப்ப ஓடுன. ஓடுன்னு சொன்னா நிக்கிற. வேணும்னே பண்றீங்களாடா?"

"நாங்க எங்க சார் பண்றோம்? காலு பண்ணுது."

ஓணான் அடிக்கிறதுக்குக் கையத் தூக்குனாரு. தூக்குன கை பாதியில நின்னுருச்சு. நனைஞ்ச ஓணானுக்கு ஒடம்பு சில்லிட்டுப்போச்சு, பாறையும் நனைஞ்சு கெடக்கு, காஞ்ச எடத்துல வெயில் வேணும். மெதுவா, மெதுவா, நொண்டி நொண்டி பாறைய விட்டு எறங்கி, எதுத்தாப்புல வெயில் அடிக்கிற மரத்த நோக்கி நகந்தாரு.

"சார், எங்க போறீங்க?"ன்னு மைனா கேட்டுச்சு.

"தெரியல. இங்க இருக்க முடியல"ன்னுட்டுப் போனாரு. டோக்கன் எடுக்கல, வரிசையில நிக்கல, சீட்டும் வாங்கல. கட்டெறும்புங்க சல்யூட் அடிச்சுது.

அப்பறம் அந்த ஓணானுக்குப் பதவி உயர்வு கெடச்சுச்சு. எதுக்குத் தெரியுமா? ஈரம் தேடிப் பூச்சி அலையாம, பூச்சி இருக்குற எடத்துக்கே ஈரத்தக் கொண்டாந்து சேத்த திட்டத்துக்கு. விழாவுல "இது ஒங்க யோசனதானா?"ன்னு யான கேட்டுச்சு. ஓணான் இல்லன்னுதான் சொன்னாரு, நேர்மையான மனுசன். ஆனா தல ஆடிருச்சு.

கத முடிஞ்சுச்சு. இப்ப நீதி சொல்றேன், கத்திய வச்சிட்டுக் கேளுங்க.

நீதி: நமக்கு ஒரு கஷ்டம்னா மேலதிகாரிய எப்பிடியாவது நேர்ல வரவழைச்சிரணும், அதுவும் நல்லா சாப்புட வச்சு வரவழைக்கணும். மனசு வச்சு அவரு ஒண்ணும் செய்ய மாட்டாரு. ஆனா அடக்க முடியாம ஏதாச்சும் செஞ்சிருவாரு, அதுலயே நம்ம பொழச்சுக்கலாம்.

லூர்து உருண்டு சிரிக்கிறான். மரகதம் கண்ணத் தொடைக்குது, வெங்காயமா சிரிப்பான்னு தெரியல. பாத்திரம் கழுவுற தவமணியக்கா இம்புட்டு நேரம் குழாயடியில குனிஞ்சு அண்டா தேச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்ப நிமிந்து, கையில இருந்த நாரத் தட்டிட்டு, என்னப் பாத்துக் கேட்டுச்சு:

"எல்லாஞ் சரிய்யா. மறுநா ஆபீச யாரு கழுவுனா?"